நான் தின்று பார்க்காத கோயில் கறி

அபிராமம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் வசந்தகுமாருக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அய்யாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் செவ்வந்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். கையெழுத்து கோணிக்கொண்டு போனால் பொறுத்துக்கொள், மாவுக்கட்டு பிரித்த பிறகும் இந்த மணிக்கட்டு பழையபடி திரும்பவில்லை. போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் உன் அய்யா கையை நீட்டி வாங்கிக்கொள்வார். இது உனக்கு மட்டும். கூட ஒரு பொட்டலம் முண்டு மிளகாய் வத்தல் வைத்திருக்கிறேன், நம் புஞ்சையில் விளைந்தது. மழை தப்பிப் பெய்ததால் இந்த வருஷம் மிளகாய் பாதிதான், உறைப்பு மட்டும் குறையவில்லை.

போன வாரம் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நான்கைந்து தடவை கேட்டேன். செவ்வந்திக்குக் கறி ஆக்கவே வரல, ஏழரைக்கு ஆபீஸ்ல இருந்து வந்து சப்பாத்தியும் பருப்பும்தான் போடுறா, ஈசியா ஒரு கறிக்குழம்பு வைக்க நீயே போன் போட்டுச் சொல்லிக் குடும்மா, எனக்குத்தான் அடுப்படி வேலையே தெரியாதே என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாய். உன் சிரிப்புக்குப் பின்னால் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நீ வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாய், அவள் இரண்டு பஸ் மாறி வருகிறாள், இது எனக்குத் தெரியாததில்லை. அவளுக்கு நான் போன் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உனக்கா அடுப்படி வேலை தெரியாது? கண்மாய்க்கரைக் கோயில் பூஜைக்கு மீசை முளைக்குமுன்பே உன் அய்யாவோடு போனவன் நீ. முதலில் வெங்காயம் உரித்துக் கண் சிவந்து வந்தாய், பிறகு கறி கழுவினாய், காலேஜ் படிக்கும்போது ஒரு அண்டாவை நீயே இறக்கினாய் என்று உன் அய்யா ஊரெல்லாம் பெருமை பேசினார். பொம்பளைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாத பூஜை, கிடா வெட்டுவதும் ஆக்குவதும் பரிமாறுவதும் தின்பதும் ஆம்பளைகள் மட்டும், மிச்சம் விழுந்தால் அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வர வேண்டும், ஒரு துண்டு வீட்டுக்கு வரக் கூடாது. அது சாமி காரியம், அதில் நான் வாய் வைக்கவில்லை. ஆனால் ஊருக்கே பதமாகக் கறி ஆக்கத் தெரிந்த ஆம்பளைகள் எல்லாரும் மறுநாள் காலையில் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாதவர்களாக ஆகிவிடுகிறார்களே, அது எப்படி என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் கறியில் என் பங்குக்கு வருவது உன் அய்யா சட்டையில் ஏறி வருகிற வாசம்தான், அதையும் நான்தான் துவைத்துப் போக்குகிறேன்.

மிளகாய்க் களத்தில் வழுக்கி விழுந்து கை முறிந்தது வரைதான் உனக்குத் தெரியும், அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவில்லை. கட்டுப் போட்டிருந்த நாளெல்லாம் உன் அய்யா கடைப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தார். வயிறு கெட்டுப்போய், கொஞ்சம் ரசம் வைத்தால் தேவலை என்று நான் கேட்டதற்கு, நீ எடது கையால கிண்டு, நான் வேணும்னா சட்டியப் புடிச்சுக்கிறேன் என்றார். கேலியாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். பக்கத்து வீட்டு முருகலட்சுமிதான் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அதே வாரத்தில் பூஜை வந்தது, விடியுமுன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மறுநாள் என் கையை விசாரிக்க வந்த உன் காளிதாஸ் சித்தப்பா, அண்ணன் கைப்பக்குவம் ஒருத்தனுக்கும் வராது மதினி, இன்னும் நாக்குலயே நிக்கிது, நீங்க குடுத்து வச்சவுக என்றார். நான் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அப்படியா என்று மட்டும் கேட்டேன். உன் அய்யா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

உன் மெசேஜ் வந்த அன்று சாயந்திரம் அவரிடமே, கோயில்ல கறி எப்படி ஆக்குவீக, பையன் கேக்குறான் என்றேன். டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னார். என்னிடம் அவ்வளவு ஆசையாக அவர் ஒன்றைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை, கையை ஆட்டி ஆட்டி, எண்ணெய் எப்போது பிரியும் என்பது வரை சொன்னார். முடித்ததும், அப்ப வார ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுல ஒருக்கா ஆக்குங்களேன் என்றேன். வீட்டுலயா, ஏண்டி, நான் கரண்டி புடிச்சேன்னு தெரிஞ்சா ஊர்க்காரன் சிரிக்க மாட்டானா என்று மறுபடி டிவியைப் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறு இன்றைக்குத்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அரைக் கிலோ கறி போதும், எலும்போடு, இளங்கிடாயாகக் கேட்டு வாங்கு. சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, பூண்டு ஒன்று முழுசாக. வத்தலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கிள்ளி விதையை உதறிவிடு, இல்லாவிட்டால் செவ்வந்தியால் தின்ன முடியாது. குக்கரில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி வத்தலைப் போட்டு, அது கருகுமுன் வெங்காயம் பூண்டு போட்டு வதக்கு. பிறகு கறி, மஞ்சள்தூள், கல்லுப்பு. கறி தன் தண்ணீரை விட்டு அது வற்றுகிறவரை கிளறிக்கொண்டே இரு, ருசி முழுக்க அங்கேதான் என்கிறார். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்தாறு விசில், திறந்து சுருள வற்றவிட்டு இறக்கு. மசாலா எதுவும் அரைக்க வேண்டாம். ஆறரைக்கு ஏற்றினால் அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது தயாராக இருக்கும். அவசரமான நாளில் கோழியில் செய், குக்கர்கூட வேண்டாம், சட்டியை மூடி வைத்தாலே வெந்துவிடும். நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் முதலில் வை. அண்டா தேய்த்த கைதானே, பாத்திரத்தையும் நீயே தேய்த்துவிடு.

உப்பு உறைப்பு சரியாக வருமா என்று என்னைக் கேட்காதே, நான் தின்று பார்த்ததில்லை. நீயே ஒருநாள் ஆக்கிப் பார்த்திருக்கலாமே என்பாய். ஆக்கலாம், அது நான் ஆக்கிய கறியாகத்தான் இருக்கும். உன் அய்யா நல்ல மனுஷன், குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை, ஊரில் அதைத்தான் சொல்வார்கள், நானும் அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். என் வயதில் செவ்வந்தியும் இப்படி ஒரு கடிதம் எழுத உட்காரக் கூடாது, எனக்கு அது ஒன்றுதான் பயம்.

உங்கள் இருவருக்கும் சாமி துணையிருக்கட்டும், நேரத்துக்குத் தூங்குங்கள். அந்த ஊர் மழைக்கு வத்தல் பூசணம் பூத்துவிடும், வெயிலில் ஒருதரம் காயப்போட்டு டப்பாவில் அடைத்து வை, மறக்காதே. கறி எப்படி இருந்தது என்று நீ சொல்ல வேண்டாம், செவ்வந்தியைப் போன் பண்ணச் சொல். அவள் நிதானமாக, முதல் வாயிலிருந்து சொல்லட்டும். உன் அய்யா ஆக்குகிற கறி எப்படி இருக்கும் என்று நானும் தெரிந்துகொள்கிறேன்.

உன் அம்மா,
அமுதவள்ளி