வடை என்கிற எமதூதன்

ஜூன் 3, செவ்வாய்

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதாம். யார் சொன்னது? மாடித் தரையில் இன்னும் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

செய்ய வேண்டியவை: காஸ் புக் பண்ண. வடைக்கு உண்ணி மருந்து. தையல் கடையில் நீலச் சுடிதார். நல்லூருக்கு, அண்ணனுக்கு போன் (நாளைக்குப் பார்க்கலாம்).

கம்பெனியில் இன்று முழுக்க பீங்கான் ஃபியூஸ் கட்டை. சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் சின்னக் கம்பியால் ஒரு தட்டு. ‘டிங்’ என்றால் நல்லது. ‘டொக்’ என்றால் உள்ளே விரிசல், ஒதுக்கு. செக்கிங்கில் எங்கள் பிழைப்பே காதில்தான். வீட்டுக்கு வந்த பிறகும் டிங் டிங்.

சாயங்காலம் வடையோடு நடை. பெல்ட், வாய்க்கு வலை, கையில் பிளாஸ்டிக் கவர். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருத்தர், எனக்குக் கேட்கட்டும் என்றே:

“இந்தா பாரு, நாய்ப் பீய அள்ளிக்கினு போவுது.”

நின்றேன். “ஆமாண்ணா. தெருவுல நீங்க செருப்பக் கழுவ வேணாம்னுதான்.”

பெஞ்சு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நல்லது.

நாய் வளர்ப்பு குரூப்பில் மறுபடி சண்டை. ‘ரெண்டு சாத்து சாத்துனாதான் நாய் படியும்’ கட்சி ஒரு பக்கம். தீனி கொடுத்துப் பழக்கும் கட்சி மறுபக்கம். நான் தீனிக் கட்சி. அடித்து வளர்த்தால் பயம்தான் வளரும், அது எனக்கு எந்த குரூப்பும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம் கட்சி ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாய்க்குப் பழைய சோறு போட்டேன் என்று எழுதியதற்கு என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டார்கள். நாயிடம் காட்டும் பொறுமையில் கொஞ்சம் மனுசியிடமும் காட்டலாம்.

அங்கே கற்ற உருப்படியான ஒன்று: நாய் சரியாகச் செய்த நொடியில் எப்போதும் ஒரே மாதிரி ஒரு சத்தம், உடனே தீனி. அதற்கென்று ‘டிக்’கென்று சத்தம் போடும் டப்பா விற்கிறார்களாம். எனக்கெதற்கு டப்பா? கைப்பிடி உடைந்த பீங்கான் கப், ஒரு ஸ்பூன். டிங், பிஸ்கட். இப்போதெல்லாம் டிங் கேட்டாலே உட்கார்ந்துவிடுகிறான், பிஸ்கட் வரும்வரை அசைவதில்லை. சமர்த்து.

சாப்பிட்டுக்கொண்டே போனில் ஒரு பேய்ப் படம். பாதியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான், பேய் போச்சு, தலை வாராமல் வந்த ஒரு பெண்தான் மிச்சம். இந்தப் படத்திலும் முதலில் செத்தது நாய்தான். பேய் கொன்றதாம். டைரக்டர் கொன்றான் என்று சொல்லுங்கள்.

ஜூன் 4, புதன்

வெயில். கரண்ட் போய்ப் போய் வந்தது.

மதியம் ‘நம்ம தெரு நண்பர்கள்’ குரூப்பில் வடையின் போட்டோ. போட்டவர் அட்மின், முனை வீட்டுக்காரர், தினம் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறவர். கீழ் வீட்டு ருக்மணி அக்கா வாசல் முன்னால் வடை நிமிர்ந்து உட்கார்ந்து கதவையே முறைத்துக்கொண்டிருக்கிறான். கீழே எழுதியிருந்தது: ‘நேத்தும் இப்படித்தான் உக்காந்துச்சு. கருப்பு நாய் ஒரு வூட்டு வாசலயே பாத்தா என்ன அர்த்தம்னு பெரியவங்களுக்குத் தெரியும்.’ கூடவே ஏதோ பேய்ப் படத்திலிருந்து ஒரு துண்டு வீடியோ, அதிலும் ஒரு கருப்பு நாய்.

நான் எழுதினேன்: ‘அவன் பேரு வடை. எமன் தன் நாய்க்கு வடைனு பேர் வைப்பானா?’

சிரிப்புப் பொம்மை ஒன்றுகூட வரவில்லை.

பகலில் அவனை மாடிப்படிக்குக் கீழே நிழலில் நீளக் கயிற்றில் கட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். அங்கிருந்து அக்கா வாசல்வரை கயிறு எட்டும். ஆனால் எதற்காகப் போய் உட்காருகிறான்? எனக்கே தெரியவில்லை.

ஜூன் 5, வியாழன்

மாமாவுக்கு நெஞ்சுவலி. ருக்மணி அக்கா வீட்டுக்காரர், என் வீட்டு ஓனர், வாடகைக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாத மனிதர். விடியற்காலை ஆட்டோவில் ஏற்றி விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து கடலூர். அக்கா செருப்புகூடப் போடாமல் போனார். நான் பின்னாலேயே ஓடிச் செருப்பை ஆட்டோவுக்குள் போட்டேன்.

வேலையில் மனசே இல்லை. நல்லதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன் என்று சூப்பர்வைசரிடம் பாட்டு.

குரூப்பில்:

‘சொன்னனா இல்லையா’
‘அந்த நாய மொதல்ல அப்புறப்படுத்துங்க’
‘பேய்ப்படமா பாக்குற பொம்பள, அது வளக்குற நாய் வேற எப்படி இருக்கும்’
‘தனியா இருக்குற பொம்பளைக்கு நாய் எதுக்கு?’

கடைசி ஆளுக்கு மட்டும் பதில்: ‘தனியா இருக்கறதாலதான்.’

ஜூன் 6, வெள்ளி

மாமா பிழைத்துக்கொண்டார். அடைப்பை எடுத்துவிட்டார்களாம். பழமலைநாதருக்கு ஒரு கும்பிடு.

அக்கா போன். குரல் கம்மிப்போய். “மாலதி, தப்பா நெனைக்காத. செவ்வாக்கெழம மாமாவ வூட்டுக்கு இட்டாறோம். அதுக்குள்ள நாய எங்கனா வுட்டுடு. இல்லனா நீ வேற வூடு பாத்துக்க. என்னால முடியல.”

போனை வைத்துவிட்டு அழுதேன்.

வேறு யாரும் படிக்காத இடம் இது, எழுதிவிடுகிறேன். எனக்கு பயம். பேய்க்கு இல்லை. என்னைக் கட்டின கருவேப்பிலங்குறிச்சிக்காரனை விட்டு வந்த பிறகும் குடித்துவிட்டு வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். வடை வந்த பிறகு கேட்டோடு நின்று திட்டிவிட்டுப் போகிறான். இப்போது வருவதே இல்லை. வடை போனால் இந்த வீட்டில் நான் தூங்க மாட்டேன். வீடு போனால் நல்லூர், அண்ணன் வீடு, அண்ணியின் முகம். நாயோடு தனிப் பொம்பளைக்கு எவன் வீடு தருவான்?

விட மாட்டேன். இரண்டையும் விட மாட்டேன்.

ஜூன் 7, சனி

அரை நாள் வேலை. காற்று கொஞ்சம் பரவாயில்லை.

அக்கா துணிமணி எடுக்க வந்திருந்தார். மகன் ஆஸ்பத்திரியில் மாமாவோடு. நேரே படி ஏறினேன். உலை வைத்தேன். கீழே இருந்து சத்தம்.

டிங். டிங். டிங்.

எட்டிப் பார்த்தால், படிக்குக் கீழே படுத்திருந்த வடை துள்ளி எழுந்து நேரே அக்கா வாசல். உட்கார்ந்தான். நிமிர்ந்து. கதவையே பார்த்துக்கொண்டு. நாக்கில் எச்சில்.

அட மக்குப் பொம்பளை! விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் வேலை செய்யும் தெருவில், டிங் சத்தத்துக்குப் போய் நாயைப் பழக்கியிருக்கிறேன். வேறு ஊர்க்காரி எவளும் இந்தக் கூத்தைச் செய்திருக்க மாட்டாள்.

இறங்கி ஓடினேன். கதவுக்கு உள்ளே தரையில் அக்கா, மடி நிறைய பீங்கான் அகல்விளக்கு. கம்பெனியிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்து தட்டிப் பார்த்து வர்ணம் பூசும் வேலை. போன வாரம்தான் ஆரம்பித்திருக்கிறார். விளக்குப் பெட்டியைக் கம்பெனியில் திருப்பிக் கேட்கிறார்களாம், அதனால் இந்தக் கவலையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

“அக்கா, இன்னொருவாட்டி தட்டுங்க.”

“என்னாடி வேணும் உனக்கு?”

“தட்டுங்கக்கா.”

டிங். எழுப்பி நடக்கவிட்டிருந்த வடை மறுபடி உட்கார்ந்தான். நான் பிஸ்கட் கொடுத்தேன். திரும்ப டிங், திரும்ப உட்கார்ந்தான். அடுத்த விளக்கு டொக். வடை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். அக்கா அந்த விளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மயிரிழை விரிசல்.

“அடக் கருமம் புடிச்சவனே” என்று சிரித்துவிட்டார். சிரிப்பு அப்படியே அழுகையானது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“பிஸ்கட்டுக்குத்தான் உக்காந்தான்க்கா.”

“தெரியுது மாலதி. கண்ணால பாத்துட்டேன். மனசு கேக்கலியே. நாளைக்கு அவருக்கு ஒண்ணுனா, இந்த நாயத்தான நெனைப்பேன்? செவ்வாக்கெழம என் கண்ணு முன்னால இருக்கக் கூடாது. அவ்ளோதான்.”

கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டம்.

ஜூன் 8, ஞாயிறு

டிங்கை நிறுத்தியாகிவிட்டது. இனி ‘சபாஷ்’ என்று வாயால். கோழி ஈரல் செலவு. வடைக்குக் குழப்பம், ஆனால் ஈரலுக்காக எதையும் கற்றுக்கொள்வான்.

நடந்ததை விளக்கி குரூப்பில் எழுதினேன். வடை விளக்கு சத்தத்துக்கு உட்காரும் வீடியோவும் போட்டேன். பதில்கள்: ‘வீடியோ எடிட் பண்ணது.’ ‘விஞ்ஞானம் வேற, சாஸ்திரம் வேற.’ ஒருத்தர் சம்பந்தமே இல்லாமல் பலாப்பழத்தின் பயன்கள். அட்மின் எழுதினார்: ‘செவ்வாய் வரைக்கும் பாப்போம், அப்புறம் தெருவே முடிவு பண்ணும்.’

தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்துப் போட்டேன். ‘இது ஊசி போட்ட வூட்டு நாய். யார் கைய வச்சாலும் நேரா போலீஸ் ஸ்டேஷன். தெரு முடிவு பண்ண இது தெரு நாய் இல்ல.’

அனுப்பினேன். அழிக்கவில்லை.

பேய்ப் படம் பார்க்கிறவர்களுக்கென்று ஒரு குரூப் இருக்கிறது, அதிலும் இருக்கிறேன். முகம் தெரியாதவர்கள். ரத்தம், காட்டேரி, எல்லாம் பேசுவார்கள். இதுவரை ஒருத்தர்கூட என் வாசலைப் பற்றிப் பேசியதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

லீவு போட்டேன். காலையிலிருந்து மேகமூட்டம், மழை இல்லை.

வடையை மாடிக்குள் வைத்துப் பூட்டினேன். வேறு வீடு கிடைக்கவில்லை, அவனை எங்கேயும் விடவும் இல்லை. மாமா வந்ததும் அக்காவிடம் இன்னும் ஒரு மாதம் கேட்பது என்று முடிவு. காலில் விழுவதில்லை. நின்று கேட்பது.

மதியம் குரூப்பில் ஒரு படம். மாமாவின் போட்டோ, மாலை, பக்கத்தில் விளக்கு. ‘ஆழ்ந்த இரங்கல்.’ அனுப்பியவர் அட்மின்.

எனக்கு உயிரே போய்விட்டது. கீழே ஓடினேன், வீடு பூட்டியிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அதற்குள் குரூப்பில் வரிசையாகக் கும்பிடு. ‘நல்ல மனுசன்.’ ‘ஆன்மா சாந்தியடையட்டும்.’ ‘நாய் அப்பவே சொல்லுச்சு, நாமதான் கேக்கல.’

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் கார் சத்தம். முதலில் மகன். அப்புறம் அக்கா. அப்புறம், அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு, கையில் போனோடு மாமா.

என்னைப் பார்த்ததும், “என்னா மாலதி, எனக்கா அழுவுற? நான் நெய்வேலி தாண்டும்போதே செத்துட்டேன் போல, போன்ல வந்துச்சு.”

அவரும் அந்த குரூப்பில்தானே இருக்கிறார். கடலூரிலிருந்து கார் எடுத்த விஷயம் யாரிடமோ போய், ‘எடுத்துட்டு வராங்க’ என்று, பிணத்தைச் சொல்வதுபோல, முனை வீடுவரை வந்து, அட்மின் மாலையே போட்டுவிட்டார்.

கட்டிலில் சாய்ந்துகொண்டு மாமா ஒவ்வொன்றாகப் படித்தார். “ருக்கு, இவன பாரு, எங்கூட பேசியே வருசமாச்சு, ரெண்டு கும்புடு போட்டுருக்கான். சைக்கிள் கடைக்காரன் மட்டும் போடல. அவன் மனுசன்.” சைக்கிள் கடைக்காரர் போன் ரிப்பேரில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. மாமா கையிலிருந்து போனை வாங்கி அந்த மாலையைப் பார்த்தார். நாய் அப்பவே சொல்லுச்சு என்ற வரியையும் படித்தார். அவர் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. மைக் பொத்தானை அழுத்திக்கொண்டு குரூப்பிலேயே பேசினார்:

“நான் ருக்மணி பேசறேன். என் தாலிய அறுத்துட்டு கும்புடு வேற போடறீங்களா? என் வூட்டுக்காரரு இதோ கஞ்சி குடிக்கிறாரு. எங்க வூட்டு நாய் பிஸ்கட்டுக்கு உக்காந்துச்சு, நீங்க எதுக்குடா உக்காந்துருந்தீங்க? இனிமே எங்க நாய பத்தி எவன் வாயத் தொறந்தாலும் சும்மா வுட மாட்டேன்.”

எங்க வூட்டு நாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சற்று நேரத்தில் இரங்கல் படம் அழிந்தது. அடுத்து, குரூப்பில் அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று ஆனது.

அக்கா இன்னும் பேசி முடிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு முனை வீட்டுக்கே கிளம்புகிறார். கீழே இருந்து கத்துகிறார்: “மாலதி, என்னாடி எழுதிக்கினு இருக்க? நாய இட்டுக்கினு வாடி.”