தொண்டைக்குத் தெரிந்த கசப்பு

சிங்கப்பூர்
11-2-2024

அன்புள்ள தேவிக்கு,

பத்து நாளாக என் போனை நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் துளசி கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாய். "எதுவானாலும் எழுதி அனுப்பச் சொல்லு, பேசினா மழுப்பிடுவாரு" என்று பிள்ளையிடம் சொன்னாயாம். சரி, எழுதுகிறேன். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இப்படியா அமைய வேண்டும்?

வீடியோவில் என் மேசைமேல் நீ பார்த்த பாட்டில்கள்தான் என் புது வேலை. இங்கிலாந்திலிருந்து ஏல் என்று ஒரு வகை பீர் கப்பலில் வருகிறது. ஒரே சரக்கு டின்னிலும் வரும், பாட்டிலிலும் வரும். வழியில் கெட்டிருக்கிறதா, இதற்கும் அதற்கும் ருசி மாறியிருக்கிறதா என்று பார்த்து எழுதித் தர வேண்டும். கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த என்னை, மூக்கும் நாக்கும் கூர்மை என்று மேனேஜர் ஆனந்தராஜ் இதில் போட்டார். வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுவேன். அதற்கென்று பக்கத்திலேயே பக்கெட் இருக்கிறது. முனீஸ்வரன் கோவிலில் கட்டிய கயிறு இன்னும் என் கையில்தான் இருக்கிறது. நம்பு.

உன்
விமல்ராஜ்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
26-2-2024

துளசி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் உடம்பளவில் நலம். மனசைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மூணு வருஷம் குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டிக்கொண்டவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். அந்தச் சீமையில் வேறு வேலையே இல்லையா? அன்று பூசாரி சொன்னது நினைவிருக்கிறதா? "அவன் ஒண்ண விட்டா வூட்ல இருக்கிறவங்களும் ஒண்ண விடணும்மா. அப்பதான் கயிறு நிக்கும்" என்றார். நான் காபியை விட்டேன். எனக்குக் காபி என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். புடவைக் கடையில் பதினோரு மணிக்கு ஃபிளாஸ்க் வந்ததும் வெந்நீர் தம்ளரோடு தள்ளிப்போய் நிற்கிறேன். கூட வேலை செய்யும் பிரியதர்ஷினி, வெந்நீருக்குச் சர்க்கரை போடட்டுமா என்று தினமும் கிண்டல் செய்கிறாள். மண்டை பிளக்கிற தலைவலியில்கூட ஒரு வாய் குடித்ததில்லை. சுழற்றித் துப்பினால் பரவாயில்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

எல்லாம் எதற்காக? பள்ளிக்கூட வாசலில் நீங்கள் குடித்துவிட்டு விழுந்து கிடந்த அன்று, எட்டு வயசுப் பிள்ளை உங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்து வந்தாள். "அப்பா செருப்பு தொலைஞ்சிடும்னு எத்துக்கினு வந்துட்டேம்மா" என்றாள். அதற்காக.

விழுங்குகிறீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

தேவிப்ரியா


சிங்கப்பூர்
17-3-2024

தேவி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். உனக்கு மட்டும் நான் இன்னும் அந்தப் பள்ளிக்கூட வாசலிலேயே கிடக்கிறேன், இல்லையா?

போன வாரம் ஒரு டின்னைப் பார்த்துவிட்டு, நம்மூர்க் கோவில் இட்லியில் சுக்கு கடிபட்டது போலிருக்கிறது என்று எழுதினேன். ஆனந்தராஜ் அசந்துபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். வெள்ளைக் கண்ணாடி பாட்டில் ஒன்று வெளிச்சம் பட்டுக் கெட்டிருந்ததை மோந்தே சொன்னேன். அந்த லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினார்கள்.

நல்ல ஏல் முதலில் வெல்லப்பாகு மாதிரி வரும். அப்புறம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். அவ்வளவுதான் என்று நினைக்கும்போது தொண்டைக்குள் இறங்கி அங்கே நின்று கசக்கும். டின்னில் அந்தக் கசப்பு சட்டென்று போய்விடுகிறது. பாட்டிலில் நெஞ்சுவரைக்கும் நிற்கிறது. இங்கே நாலு வருஷமாக ருசி பார்க்கிறவர்களுக்குக்கூட இந்த வித்தியாசம் பிடிபடவில்லை, எனக்குப் பிடிபட்டது. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வீட்டில் ஒருத்தி இல்லை.

ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. துளசி மேல் சத்தியம். போதுமா?

விமல்ராஜ்


பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்
2-4-2024

துளசி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் துளசிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சுக்கு கடிபட்ட இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். இவ்வளவு அழகாக எழுத வருமா இவருக்கு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தொண்டை, நெஞ்சு என்று எழுதிய இடம் வந்ததும் துளசி கேட்டாள்: "துப்பிட்டா தொண்டைக்கு எப்டிம்மா தெரியும்?"

சத்தியம் செய்த வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டேன். அவள் தலைமேல் நீங்கள் கை வைத்தது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

"விழுங்கினால்தான் இந்த வேலை நடக்கும் தேவி, என்ன செய்யட்டும்?" என்று ஒரு வரி எழுதியிருந்தால், பூசாரியிடம் நானே போய் வழி கேட்டிருப்பேன். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஆனாலும் போயிருப்பேன். பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்யும் அளவுக்கு நான் உங்களுக்கு யாரோ ஆகிவிட்டேனா?

அப்போதும் நீங்கள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று சோதித்துப் பார்த்தேன். இன்று கடையில் ஃபிளாஸ்க் வந்ததும் ஒரு தம்ளர் காபி வாங்கிக்கொண்டு கைகழுவும் இடத்துக்குப் போனேன். ஒரு வாய் வைத்து, நீங்கள் சொன்ன மாதிரியே சுழற்றித் துப்பினேன். நாக்கில் கொஞ்சம் இருந்தது. தொண்டைக்கு ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

அடுத்த வாயை விழுங்கினேன். நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. இறங்கி, நின்று, கசந்தது.

கயிற்றைக் கழற்றிவிடுங்கள். துளசியிடம் எப்போது வேண்டுமானாலும் பேசுங்கள், போன் அவளிடம்தான் இருக்கும். எனக்கு எழுத வேண்டாம்.

காலித் தம்ளரோடு வந்த என்னைப் பிரியதர்ஷினி பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, மூணு வருஷம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். எனக்கு முடிந்துவிட்டது என்றேன். அவள் இன்னொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

தேவிப்ரியா