சீனியின் மூச்சு

கல்லடி,
12.05.2025

அன்புள்ள றமீஸா,

தோஹாவில் வெயில் எப்படி? மகன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். உன் பூனை சீனி இரண்டு மாதமாகக் கழுத்தை நீட்டி இருமுகிறாள். மயிரை விழுங்கிவிட்டாள் என்று இருந்துவிட்டேன். நேற்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். நுளம்பு கடித்து இருதயத்தில் புழு வந்திருக்கிறதாம். "நாய்க்குப் போடுற ஊசி பூனைக்குத் தாங்காது டீச்சர். குளிசை குடுத்து, மூச்சைப் பாத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

புழு வராமல் இருக்க நீ தந்துவிட்டுப் போன துளிமருந்தை இந்த எட்டு மாதமும், மாதம் ஒருதரம் தவறாமல் பிடரியில் விட்டேன். அப்படியும் வந்துவிட்டது.

வதனி

தோஹா,
15.05.2025

என் வதனி,

அழுது முடித்துத்தான் எழுதுகிறேன். நீ இல்லாவிட்டால் அவள் அன்றைக்கே போயிருப்பாள். உன்னில் பிழை இல்லை. பிழை என் தம்பி ஹில்மியில். அவனுடைய கடையில்தானே அந்த மருந்தை வாங்கினேன்! திகதி முடிந்ததைச் கூடப் பிறந்த ராத்தா எனக்கே விற்றிருக்கிறான். நன்றாக ஏசிவிட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வீட்டுப் பக்கம் வர வேண்டாம் என்று உம்மாவும் சொல்லிவிட்டார்.

உன் றமீஸா

கல்லடி,
19.05.2025

றமீஸா,

ஹில்மியில் பிழை இல்லை. நான் எழுதியது பொய். முதல் மாதம் மட்டும்தான் மருந்து விட்டேன். அன்று அலுமாரிக்குக் கீழே ஒளித்தவள் மூன்று நாள் என்னிடம் வரவில்லை. வீட்டுக்குள்ளே கிடக்கிற பூனைக்கு எதற்கு மருந்து என்று பிறகு எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். நுளம்பு மொய்க்கிற வாவிக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு! படித்தவளுக்கு நியாயம் சொல்லவா தெரியாது? உண்மை வேறு. அவள் என் மடிக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

இன்று காத்தான்குடிக்குப் போய் ஹில்மியிடம் சொன்னேன். "ராத்தா ஏசினது கிடக்கட்டும் டீச்சர், பூனைக்கு இப்ப மூச்சு எப்பிடி?" என்று கேட்டான். அவன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வதனி

தோஹா,
24.05.2025

வதனி,

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். சீனியை அவனிடம் விடத்தான் நினைத்தேன். மூச்சு வாங்கும் பூனையை இடம் மாற்றிப் பதற வைக்கக் கூடாது என்று அந்த வைத்தியர் போனில் சொன்னார். அதனால் உன்னிடமே இருக்கட்டும். மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

கிழமைக்கு ஒருமுறை எழுது. எத்தனை தரம் இருமினாள், என்ன தின்றாள், அவ்வளவுதான். என் சுகம் கேட்க வேண்டாம்.

றமீஸா