இன்னும் இரண்டு மணி நேரம் மட்டும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, அம்மாவும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள். போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், கண் மங்க மங்கக் காது கூர்மையாகிவிட்டது, அதனால்தான் கடிதம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் நாங்கள் வரவில்லையம்மா. காரணம் உன் அப்பன்தான்.

தெரு முனையிலிருக்கும் டிராவல்ஸ்காரர் உங்கள் நாட்டுக்கு விமானத்தில் இரண்டு சீட்டைப் பழைய விலைக்குப் பிடித்து வைத்திருந்தார், சாயங்காலத்துக்குள்ள பணம் கட்டிடுங்க சார் என்றார். செருப்பை மாட்டப்போன நேரத்தில், அம்மாவுக்குச் சொட்டு மருந்து வாங்குகிறோமே, அந்த ஷாப்பிங் ஆப்பில் ஒரு விளம்பரம். கோல்டு மெம்பர் ஆனால் விமான டிக்கெட் பாதி விலை, மெம்பர் கட்டணத்திலும் பாதி தள்ளுபடி, இன்னும் இரண்டு மணி நேரம் மட்டும் என்று. கீழே ஒரு கடிகாரம் நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வந்தது. நான் முப்பத்தொரு வருஷம் ஆலை வாசலில் டைம் கீப்பராக இருந்தவன், மூன்று நிமிஷம் பிந்தி வந்தவன் எவ்வளவு கெஞ்சினாலும் அரை நாள் சம்பளத்தை வெட்டியவன். ஆளை நம்ப மாட்டேன், கடிகாரத்தை நம்புவேன். அவசர அவசரமாக வருஷக் கட்டணத்தைக் கட்டிவிட்டு டிராவல்ஸ்காரரைக் கூப்பிட்டு, சீட்டை விட்டுடுங்க தம்பி, எனக்கு வேற இடத்துல பாதிக்குக் கிடைக்குது என்று பெருமையாக வேறு சொன்னேன். ஒரு தடவை நல்லா பாத்துக்கோங்க சார் என்றார் அந்த மனுஷன். கேட்டேனா?

உள்ளே போய்ப் பார்த்தால், பொடி எழுத்தில், சலுகை உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. அடித்துப் பிடித்து டிராவல்ஸுக்கு ஓடினேன், சீட்டு போய்விட்டது. விடுமுறைக் காலமாம், இப்போது விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், நீங்கதான் சார் ஓகே குடுத்திருக்கீங்க என்கிறாள் போனில் ஒரு பெண், பாவம், நூறு பேருக்குச் சொன்ன களைப்பு அவள் குரலில். ரத்து செய்யும் இடம் எங்கே இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவேயில்லை, அடுத்த வருஷமும் பணத்தை அதுவாகவே எடுத்துக்கொள்ளுமாம். மறுநாள் காலையில் ஆப்பைத் திறந்தேன். அதே பாதித் தள்ளுபடி, அதே கடிகாரம், அதே இரண்டு மணி நேரம். தினமும் பார்க்கிறேன், தினமும் அப்படித்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு வேலை போயிருக்கிற சமயத்தில் நீ கடன் கிடன் வாங்கி அனுப்பித் தொலைக்காதே, அனுப்பினால் தொடமாட்டேன். விலை இறங்கும்போது போகலாமே என்பாய். அம்மாவுக்கு ஆறு மாசம்தான் பார்வை தாங்கும் என்று கண் டாக்டர் சொல்லி மூன்று மாசம் ஓடிவிட்டது. ஒரு தடவை குட்டியோட மூஞ்சியைக் கிட்ட வச்சுப் பாத்துட்டேன்னா போதும், அப்புறம் இருட்டானா ஆகட்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். விலை இறங்குகிற வரைக்கும் அவள் கண் காத்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டாள், குட்டிக்கு எடுத்த மஞ்சள் கவுன் மேலாக இருக்கிறது. எழுந்ததும் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை நாள்ங்க என்று கேட்கிறாள். நேற்று இருபத்திரண்டு என்றேன். இன்று இருபத்தொன்று என்றேன். அந்தப் பாழாய்ப்போன கடிகாரம் செய்வதைத்தான் நானும் செய்துகொண்டிருக்கிறேன், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன் போலிருக்கிறது.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும். போனில் டிக்கெட் பேச்சை எடுக்காதே. வீடியோவில் குட்டியை வெளிச்சத்தில் உட்கார வைத்து, முகத்தைக் கிட்டே காட்டு. தினமும் காட்டு.

உன் அப்பா