முதல் இருபது நிமிடம்

1999 மார்ச் 14, ஞாயிறு

மழை விட்டது. கோழிக்கூண்டில் மூன்று முட்டை. நேற்று டவுனிலிருந்து, பட்டறைக்குப் போன என் பழைய வண்டியின் இன்ஜின் வந்து இறங்கியது. சிலிண்டர் கடைந்து, புது பிஸ்டன், புது கேம் ஷாஃப்ட் போட்டு, மேலே பச்சைப் பெயின்ட்டும் அடித்திருக்கிறார்கள். என் கொட்டகைக்குள் அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. விருந்தாளி வந்த நேரத்தில் வீடு பெருக்காமல் கிடப்பதுபோல.

பட்டறைக்காரர் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். என் மனைவி நெட்டி உயிரோடிருந்தபோது கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்தில்தான் இதையும் எழுதுகிறேன். அந்தத் தாளைக் கூட்டிப் படித்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும். தேவையும் இல்லை. அதில் இருக்கப்போவது ஒன்றுதான். இன்ஜினுக்கு உயிர் வந்ததும் வேகத்தை ஏற்ற வேண்டும். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று, இருபது நிமிடம், இறக்கக் கூடாது. மெதுவாக ஓடவிட்டால் வால்வுகளைத் திறந்து மூடுகிற புது கேம் தண்டின்மேல் எண்ணெய் போதுமான அளவு தெறிக்காது. அதன் மேடுகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சுரங்கத்துப் பட்டறையில் எத்தனை இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்று அந்த இருபது நிமிடத்தை எண்ணியிருக்கிறேன்.

மார்ச் 16

வெர்லினைப் பார்க்கப் போனேன். முப்பத்தொரு வருடம் ஒரே ஷிப்டில் நிலக்கரி தோண்ட மலைக்குள் போய் வந்தவர்கள் நாங்கள். கரித்தூசி எனக்குப் பாதி நுரையீரலை விட்டுவைத்தது. அவனுக்கு அதைக்கூட விடவில்லை. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் பாட்டில். அவன் கோடைவரை தாங்குவதைப் பற்றி டாக்டர் பேச்சே எடுக்கவில்லை என்று அவன் மனைவி ஐவா வாசலில் வைத்துச் சொன்னாள்.

இன்ஜின் வந்த சேதியைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"என்னை நம்ம வண்டியிலதான் மேல கொண்டு போகணும், கேட்டுக்கோ. டாரல் வண்டியில ஏத்திடாத. அதுல ஏறவே ஏணி வேணும். கை நழுவுச்சுன்னா இன்னொரு தடவ சாகணும் நான்."

டாரல் அவன் அக்காள் மகன். புது வண்டி, ஆள் உயரத்துக்குச் சக்கரம்.

எங்கள் கல்லறை மலை முகட்டில் இருக்கிறது. டவுனிலிருந்து வரும் சவ வண்டி ஓடையோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே, முப்பது வருடமாக, என் வண்டியின் பின்தட்டில்தான். முதலில் வெர்லினின் அம்மா, அறுபத்தொன்பது அக்டோபர், முதல் உறைபனி விழுந்த அன்று. அவன் தம்பி எஸ்டில், எழுபத்தேழு, வெள்ளம் வடிந்த சேற்றில், டயருக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு. என் நெட்டி, தொண்ணூற்றொன்று பிப்ரவரி ஒன்பது. மொத்தம் பதினொரு பேர். ஒவ்வொரு தடவையும் வெர்லின் என் பக்கத்துச் சீட்டில் இருந்தான். வளைவு வரும்போதெல்லாம் பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்ப்பான்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 23

இன்ஜினை வண்டிக்குள் இறக்கினேன். கொட்டகை உத்தரத்தில் சங்கிலி பிளாக், கீழே நான். ஐவா காரில் வெர்லினைக் கூட்டிவந்து மடக்கு நாற்காலியில் உட்காரவைத்தாள். மடியில் ஆக்சிஜன் பாட்டிலைப் பூனைக்குட்டி மாதிரி வைத்துக்கொண்டான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இறங்கியது. கடைசி இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. கியர்பாக்ஸ் தண்டின் பற்கள் கிளட்ச் தட்டுக்குள் போக மறுத்தன. அரை மணி ஆட்டிப் பார்த்தேன், உருட்டிப் பார்த்தேன். கடைசியில் போல்ட்டை மாட்டி முடுக்கியே இழுத்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"அதக் கீழ வை," என்றான் வெர்லின். "ஒடச்சிருவ. கியர்ல போட்டுட்டு முன்னால போய் புல்லியத் திருப்பு. மெல்ல. பொண்ணோட டான்ஸ் ஆடுற மாதிரி."

"நீ எந்தக் காலத்துல டான்ஸ் ஆடுன?"

"ஐவாவக் கேளு."

கால் சுற்றுத் திருப்பினேன். உள்ளே போய் உட்கார்ந்தது. வெர்லின் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. ஐவா காரை எடுத்துவந்து வாசலில் நிறுத்தினாள்.

மார்ச் 24

முதுகு. எழவில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

ரேடியேட்டர், புகைக்குழாய், ஒயர் எல்லாம் முடிந்தது. டிரில்லை வைத்து எண்ணெய் பம்ப்பைச் சுற்றினேன். ஆறு சிலிண்டருக்கும் மேலே எண்ணெய் ஏறி வந்தது. இனி சாவி திருப்ப வேண்டியதுதான்.

வெர்லின் இல்லாமல் திருப்ப மனமில்லை. ஆனால் அவனால் கட்டிலைவிட்டு இறங்க முடியாது. இறங்கினாலும் புது இன்ஜின் கக்கும் புகைக்குப் பக்கத்தில் அவனை எப்படி உட்காரவைப்பேன்?

ஃபோனில் கேட்கவைக்கலாம் என்று ஐவா சொன்னாள்.

ஏப்ரல் 6

வண்டியைச் சமையலறை ஜன்னலுக்கு நேராகத் தள்ளி நிறுத்தினேன். தள்ளியது டாரலும் அவன் பெண்டாட்டியும். அவர்கள் போன பிறகு வெர்லினை ஃபோனில் கூப்பிட்டு ரிசீவரை ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

இரண்டாவது திருப்பலில் பிடித்துக்கொண்டது. உடனே வேகத்தை ஏற்றி, இரண்டாயிரத்தில் நிற்கும்படி கார்புரேட்டரின் திருகாணியை முடுக்கினேன். பெயின்ட் காய்ந்து புகைந்தது. என்ன உறுமல். மேஜைமேல் இருந்த கிண்ணமெல்லாம் ஆடியது.

ஐந்து நிமிடம் இருக்கும். ரிசீவரை எடுத்து, கேட்கிறதா என்றேன்.

"கேக்குது. ஆனா இது கத்தல்டா. மெதுவா ஓடுமே, அதக் கேக்கணும். இறக்கு."

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு, வெர்லின்."

ரிசீவரில் அவன் மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"எனக்கு அவ்வளவு நேரம் இல்ல."

இறக்கினேன்.

அப்படி ஒரு மென்மை. ஆறு சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாக, தூங்குகிறவனின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கின. திரும்ப ஏற்ற வேண்டும் என்று தெரியும். கை போகவில்லை. ரிசீவரில் அவன் மூச்சு, வெளியே அது. நான்கு நிமிடமா, ஐந்தா? பிறகு ஒரு தட்டல் கேட்டது. சின்னதாக, நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல. இன்ஜினின் நடுவிலிருந்து.

"நல்லாருக்குடா," என்றான் வெர்லின். "போதும். நிறுத்திக்கோ."

ஏப்ரல் 7

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் புகை வெளியேறும் வால்வு அசையவே இல்லை. எண்ணெயை வடித்தேன். வெயிலில் பிடித்தால் மின்னுகிறது, மீன் செதில் மாதிரி. இரும்புத்தூள். கேம் போச்சு.

என்ன பண்ணித் தொலைச்சேன் நான். எழுபத்துநாலு வயசு. நேத்துப் பொறந்தவன் பண்ற தப்பு. பதினஞ்சு நிமிஷம் ஃபோனை வெச்சிட்டு அப்புறமாக் கூப்பிட்டிருந்தா என்ன? அவன் இருந்தானே, நேத்துச் சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருந்திருப்பானே.

புது கேம் வர வேண்டும், முன்பக்கம் முழுதும் கழற்ற வேண்டும். மூன்று வாரமாவது ஆகும். ஐவா இப்போது நாள்கணக்கில் பேசுகிறாள்.

ஏப்ரல் 9

போனேன். வெர்லினுக்குப் பேச்சு குறைந்துவிட்டது.

"மேல ஏறுமா?" என்றான்.

"ஏறும்."

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன், ஆனால் கை என் சட்டைக்கையைப் பிடித்திருந்தது.

ஏப்ரல் 13

காலை பத்து மணிக்கு வெர்லின் போய்விட்டான்.

ஏப்ரல் 14

டாரல் வந்தான். வண்டி தட்டுகிற சத்தம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று மூடியை மாட்டி, எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தபோது கேட்டிருப்பான். தன்மையாகத்தான் பேசினான். தன் வண்டியைக் கழுவி வைத்திருக்கிறானாம். பின்தட்டில் கம்பளியும் விரித்துவிட்டானாம்.

"நடு ஏத்தத்துல நின்னுச்சுன்னா மாமாவ அங்கயே இறக்கி மாத்தணும். ஐவா அத்தை அதப் பாக்கணுமா, சொல்லுங்க."

அவன் சொல்வதில் தப்பே இல்லை.

அவன் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். கேமை மாற்றும்வரை ஓட்டாமல் வைத்தால் மற்றதெல்லாம் பிழைக்கும். இப்படியே ஓட்டினால் தூள் பேரிங்குக்குள்ளெல்லாம் போகும், கிராங்க் தண்டையே தின்றுவிடும். பிறகு அது இன்ஜின் இல்லை, பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு.

எண்ணெய் மாற்றினேன். ஃபில்டரும் புதிது. காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் கட்டினேன். பிரயோஜனம் கிடையாது, தெரியும்.

ஒரே ஒரு ஏற்றம்.

ஏப்ரல் 16, வெள்ளி

ஓடையில் சவ வண்டி நின்றது. ஆறு பேர் பெட்டியைத் தூக்கி என் வண்டியின் பின்தட்டில் வைத்தார்கள். டாரல் இழுவைச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு தன் வண்டியை எனக்குப் பின்னால் கொண்டுவந்தான். பக்கத்துச் சீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அடிக்கியர். ஐந்து சிலிண்டர்தான் வேலை செய்தது. மூன்றாவது ஒவ்வொரு சுற்றுக்கும் கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. முதல் வளைவு வரை எண்ணெய் அழுத்த முள் நடுவில் நின்றது. இரண்டாவதில் கீழே விழுந்தது. அதற்குப் பிறகு நான் முள்ளைப் பார்க்கவில்லை. பின்கண்ணாடியைப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை.

பாறை வளைவில் அடியிலிருந்து இடிக்க ஆரம்பித்தது. சுத்தியல் இடி. பெடல் வழியாக என் காலுக்கு ஏறியது. டாக்வுட் மரங்களெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தன, நான் வேண்டிக்கொண்டது பாதிரியார் கேட்டால் திட்டுகிற மாதிரி வேண்டுதல்.

வேலிக் கதவைத் தாண்டி, குழிக்குப் பக்கத்தில் திருப்பி நிறுத்தும்வரை ஓடியது. சாவியைத் திருப்பி நான் அணைக்கவில்லை. தானாக, ஒரு அடியோடு இறுகி நின்றது.

டாரல் தொப்பியைக் கழற்றினான். யாரும் இன்ஜினைப் பற்றிப் பேசவில்லை. பாட்டு பாடினார்கள்.

ஏப்ரல் 17

ஐவா ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பினாள். மூடியே இருக்கிறது.

ஏப்ரல் 25, ஞாயிறு

வண்டி ஒன்பது நாளாக மேலேயே நின்றது. பிரார்த்தனை முடிந்து ஐவா, பூ வைக்கப் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டாள். டாரல் எங்களை மேலே விட்டுவிட்டு, இழுத்துப்போக வேண்டுமா என்றான். வேண்டாம், நியூட்ரலில் போட்டால் தானாக இறங்கும், ஓடையில் வந்து நில் என்றேன்.

பூ வைத்துவிட்டு ஐவா வண்டியில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். கைப்பிரேக்கை விட்டேன். சத்தமே இல்லாமல் நகர்ந்தது. டயருக்கடியில் கல் நொறுங்குவது மட்டும்தான். முப்பது வருடத்தில் அந்தப் பாதையில் குருவிச் சத்தம் கேட்டது அதுவே முதல் தடவை.

பாறை வளைவு தாண்டியதும் ஐவா பேசினாள்.

"அன்னிக்கு ஃபோன வெச்சதுமே சொன்னாரு. கேம் போச்சு ஐவா, நான்தான் கெடுத்தேன், இருபது நிமிஷம் பொறுக்காம கேட்டுட்டேன்னாரு. உங்ககிட்ட இப்ப சொல்ல வேணாம், நான் போனப்புறம் சொல்லுன்னாரு."

நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற எதுனா சொன்னானா?"

"நீங்க வந்துட்டுப் போனப்புறம், தெரிஞ்சும் ஏறும்னு சொன்னான் பாருன்னாரு. அன்னிக்கு ராத்திரி சூப் குடிச்சாரு. ரெண்டு கிண்ணம்."

ஓடைக்கு முன்னால் சமதரை. அங்கே வேகம் குறைந்து வண்டி தானாக நின்றது. எதிர்க்கரையில் டாரல் சங்கிலியோடு காத்திருந்தான், எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். நான் கதவைத் திறக்கவில்லை. ஐவாவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் தன் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.