கதவில் ஒட்டிய முகம்

ஈரி, பென்சில்வேனியா
ஜனவரி 19

அன்புள்ள வெஸ்லி,

போனில் பேசினால் டேல் பக்கத்தில் இருப்பான். நீ அவனை ஏதாவது சொல்வாய். கணவனுக்கும் தம்பிக்கும் நடுவில் நான் நிற்பேன். போன தேர்தல் சமயத்தில் ஒருமுறை அப்படி நின்றது போதும். அதனால் தாளில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நினைவுக் கூட்டம் முடிந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாண்ட்விச், உருளைக்கிழங்கு சாலட், வழக்கமான முகங்கள். நீ அனுப்பிய பூ வந்தது. பெரிய பூ. எங்கே வைப்பதென்று தெரியாமல் காப்பிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். கடைசிவரை ஆவி பட்டுக்கொண்டே இருந்தது.

நிலம் கல்லாகக் கிடக்கிறது. தோண்ட முடியாது. இந்தக் குளிர்காலத்தில் இறந்த மற்றவர்களின் சவப்பெட்டிகளோடு அம்மாவின் பெட்டியும் கல்லறைத் தோட்டத்துக் காப்பறையில் இருக்கிறது. மண் இளகியபின், ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை புதைக்கலாம் என்கிறார்கள்.

கூட்டத்துக்கு வர முடியாததற்கு நீ சொன்ன காரணங்களை நான் கிளறவில்லை. ஆனால் ஏப்ரலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வருவாயா?

ஒரே கேள்விதான்.

உன் அக்கா,
லொரெய்ன்


பிளோவ்திவ், பல்கேரியா
பிப்ரவரி 3

அன்புள்ள லொரெய்ன்,

உன் கடிதம் வந்தது. தாள் நல்ல யோசனை. இங்கே தபால்காரி மாடி ஏற மாட்டாள். கீழ்வீட்டு ஸ்தொயாங்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். ஸ்தொயாங்கா உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவாள். ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பார்ப்பாள்.

பனி இல்லை. மூட்டம். கரிப்புகை.

அம்மா பார்ப்பாளே, அந்த மருத்துவமனைத் தொடர், இங்கே இப்போதுதான் ஓடுகிறது. எல்லாப் பெண்களுக்கும் ஒரே பெண் குரல் கொடுக்கிறாள். எல்லா ஆண்களுக்கும் ஒரே ஆண். பல்கேரியக் குரலுக்கு அடியில் ஆங்கிலம் மெல்லக் கேட்கிறது, பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோல. ஸ்தொயாங்கா மேலே இருப்பதைக் கேட்கிறாள். நான் அடியில் இருப்பதை. ஒரே சோபா, இரண்டு தொடர்கள். நம் நாடு இவர்களுக்கு எப்போதும் இப்படித்தான் வந்து சேர்கிறது. பழையதாக, வேறு யாருடைய குரலிலோ. இப்போது எனக்கும் அப்படித்தான்.

மறுபடி தேர்தல் வரும் என்கிறார்கள். இங்கே அரசு விழும், எழும், விழும். ஸ்தொயாங்கா ஒரு கட்சி, அவள் தம்பி வேறு கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஒரே மேசையில் உட்கார்ந்து ரக்கியாச் சாராயம் குடித்துக்கொண்டே ஒருவரையொருவர் திட்டுகிறார்கள். "உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டாள்.

"வீட்டு முன்னாடி புல்தரையில கட்சிப் பலகை நடுவோம்."

"நட்டுட்டு?"

"அப்புறம் பேச மாட்டோம்."

"பேசாம எப்படிடா சண்டை போடுவீங்க?"

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். காப்பறை பற்றியும். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "பெத்தவளை இன்னும் மண்ணுக்கு மேலயா வச்சிருக்கீங்க? ஏப்ரல் வரைக்குமா?"

"நிலம் உறைஞ்சு கிடக்கு."

"அவ்வளவு பெரிய நாட்டுல ஒரு கடப்பாரை இல்லையா?"

நாற்பதாம் நாளுக்கு இவர்கள் ஏதோ செய்வார்களாம். அம்மா படம் வேண்டும் என்றாள். போனில் ஏரிக்கரைப் படம் இருந்தது, நீயும் அம்மாவும் படகுத்துறையில் நிற்பது. அனுப்பினேன்.

பள்ளியில் வேலை அதிகம். பதினோரு வயதுக் குழந்தைகளுக்கு ஆங்கிலத்தில் இறந்தகாலம் சொல்லித் தந்துகொண்டிருக்கிறேன்.

வெஸ்லி


ஈரி
பிப்ரவரி 17

வெஸ்லி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வருவாயா என்பதற்குப் பதில் ஏதாவது மடிப்பில் ஒளிந்திருக்கிறதா என்று. இல்லை.

மாதாமாதம் நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு செய்திமடல் அனுப்புகிறாயே, அதுவும் வந்தது. அதே தொடர், அதே குரல், அதே சோபா. ஒரு வரிகூட மாறவில்லை. "அம்மா பார்ப்பாளே" என்பதை மட்டும் எடுத்துவிட்டிருந்தாய்.

நான் உன் வாசகி இல்லை, வெஸ்லி.

இங்கே பனி நிற்கவில்லை. காலி வீடுதானே என்று விடாமல், அம்மா வீட்டு நடைபாதைப் பனியை டேல் தள்ளிக்கொண்டே இருக்கிறான். நீ அன்று போனில் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனாலும் தள்ளுகிறான். நீங்கள் சண்டை போட்டது எதற்கு? அம்மா வீட்டு முன்னால் அவன் நட்ட தேர்தல் பலகைக்கு. அந்த அட்டையை அம்மா அடுத்த வாரமே உருவிவிட்டாள். அதைத் தாங்கிய கம்பியை மட்டும் வைத்துக்கொண்டாள். எதிர்வீட்டிலும் போய், அவர்கள் கட்சிப் பலகையின் கம்பியைக் கேட்டு வாங்கி வந்தாள். கோடையில் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக்கொடுத்தாள். இரண்டிலும் ஒன்றுபோலத்தான் காய்த்தது என்று உன்னிடம் சொல்லச் சொன்னாள். மறந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

நாற்பதாம் நாள் என்று எழுதியிருந்தாய். நேற்றோ என்னவோ. நானும் நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யவில்லை.

கேள்வி அப்படியே இருக்கிறது.

லொரெய்ன்


பிளோவ்திவ்
மார்ச் 1

அன்புள்ள லொரெய்ன்,

செய்திமடல் விஷயம் நீ சொன்னது சரி.

இங்கே ஒரு தவறு நடந்துவிட்டது. உன்னைப் பற்றியது என்பதால் உனக்கு எழுதுகிறேன்.

இந்த ஊரில் யாராவது இறந்தால் தாள் அச்சடிப்பார்கள். கறுப்புக் கரை, படம், பெயர், இரண்டு வரி. வீட்டு வாசலில், விளக்குக் கம்பத்தில், பேருந்து நிறுத்தத்தில், மரத்தில் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாளுக்கு இன்னொன்று. வருடம் முடிந்தால் இன்னொன்று. செத்து இருபது வருடம் ஆனவருக்குக்கூடத் தாள் பார்த்திருக்கிறேன். ரொட்டி வாங்கப் போனாலும் நாலு இறந்தவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வந்த புதிதில் நான் நின்று படித்ததுண்டு. பிறகு கண்ணில் படுவதில்லை.

அம்மாவின் நாற்பதாம் நாள் காலையில் எங்கள் கட்டடக் கதவில் ஸ்தொயாங்கா தாள் ஒட்டியிருந்தாள். வேலைக்குப் போகும்போது கறுப்புக் கரை தெரிந்தது. நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன் என்று சொல்ல முடியாது. கரையோடு நின்றுவிட்டது பார்வை.

மாலையில் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஸ்தொயாங்கா வேகவைத்த கோதுமையில் சர்க்கரைத் தூள் போட்டுக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தாள். வாங்கிய ஒவ்வொருவரும் "கடவுள் மன்னிக்கட்டும்" என்றார்கள். வழக்கமான சொல்தான். ஆனால் மூன்றாம் மாடிக்காரரிடம் நான் கேட்டுவிட்டேன், "எதுக்கு மன்னிக்கணும்?"

"எதுக்குன்னு கேக்கறான் பாரு!" என்று அவர் எல்லாரையும் பார்த்துச் சொன்னார். "எல்லாத்துக்கும்தான்."

இரண்டு நாள் கழித்து ரொட்டிக்கடைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு வயசே ஆகலையேப்பா. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல."

திரும்பி வந்து கதவைப் பார்த்தேன்.

நீ, லொரெய்ன். படகுத்துறையில், காற்றில் முடி பறக்க. கீழே அம்மாவின் பெயர். அதற்கும் கீழே: துயருறும் மகன்.

"ரெண்டு பேர்ல நரைச்சவதானே அம்மா?" என்றாள் ஸ்தொயாங்கா. "செவப்புத் தலையும் உதட்டுச் சாயமும் கறுப்புக் கண்ணாடியுமா நின்னவளை மகள்னு நெனைச்சேன்."

அம்மா கேட்டிருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

நான் திருத்தவில்லை. ஒட்டியதைக் கிழிக்கும் வழக்கம் இங்கே இல்லை. மழைதான் கிழிக்கும். முகம் யாருடையது என்று இங்கே யாருக்கும் தெரியாது. வந்தவர்கள் உண்மையாகத்தான் வருந்தினார்கள். அதனால் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்தேன்.

உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது?

வெஸ்லி


ஈரி
மார்ச் 14

வெஸ்லி,

ஆக, நான் செத்துவிட்டேன்.

சமையலறையில் நின்று படித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். டேல் கராஜிலிருந்து ஓடி வந்தான். சொன்னேன். அவனும் சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

"அவன் அதைக் கழட்டலையா?"

"இல்லையாம்."

"ஏன்?"

எனக்குத் தெரியவில்லை, வெஸ்லி.

"உசுரோட இருக்கறவளைக் கதவுல ஒட்டி வச்சுட்டு, மழை வரட்டும்னு உக்காந்திருக்கானா உன் தம்பி?"

உனக்காகப் பேச இந்தமுறை எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எப்போது நரைத்தது என்று கேட்கிறாய். நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லாவிட்டாலும் நீ கேட்டதற்கு நான் சொல்கிறேன். அம்மா குளியலறையில் விழுந்த வருடம். அதற்குப் பிறகு அம்மாவின் தலைக்குச் சாயம் பூசியது நான்தான், சமையலறைத் தொட்டியில் குனியவைத்து. கழுத்து வலிக்கிறது என்று திட்டிக்கொண்டே குனிவாள். "உனக்கும் கொஞ்சம் பூசிக்கோடி, என் அக்கா மாதிரி இருக்கே" என்பாள். அவள் தலையைக் கழுவித் துடைத்து முடிப்பதற்குள் எனக்குக் கை ஓய்ந்துவிடும். அவ்வளவுதான்.

அந்தப் படத்தை எடுத்தது நீ. கடைசியாக வந்தபோது. அம்மா உன்னிடம் "என்னை இடப்பக்கத்துலேருந்து எடு" என்றாள். நீயும் நகர்ந்து நின்று எடுத்தாய். அன்றைக்கும் என் தலை இப்படித்தான் இருந்தது.

வருவாயா என்று இனிக் கேட்க மாட்டேன். ஏப்ரல் 25, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. இது தகவல்.

லொரெய்ன்


பிளோவ்திவ்
ஏப்ரல் 2

அன்புள்ள லொரெய்ன்,

சனிக்கிழமை ஒரு வாளி வெந்நீரும் வெண்ணெய்க் கத்தியும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். முதலில் எங்கள் கதவு. பிறகு பேருந்து நிறுத்தம். பிறகு விளக்குக் கம்பங்கள். ஸ்தொயாங்கா நான் நினைத்ததைவிட அதிக இடத்தில் ஒட்டியிருந்தாள். ஒரு திருப்பத்துக்கு ஒரு தடவை நீ நின்றுகொண்டிருந்தாய்.

மருந்துக்கடைக்கு எதிரே ஒருத்தி, கையில் வெங்காயத்தாள் கட்டோடு வந்து என் தோளில் அடித்தாள். "செத்தவங்களைக் கிழிக்கிறியே, உனக்கெல்லாம் தாய் தகப்பன் இல்லையா?"

"இவங்க சாகல."

"பேரு போட்டிருக்கு!"

"பேரு அம்மாவோடது. முகம் அக்காவோடது."

அவள் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அக்கா உசுரோட இருக்காளா?"

"உசுரோட இருக்கா."

இந்த மொழியில் அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் சொன்னேன். சொல்லிவிட்டு நிற்க வேண்டியிருந்தது. அவள் என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "குத்தாதேடா. முகத்துல படக்கூடாது. ஓரத்துலேருந்து எடு, இப்படி." நீ முழுசாக வந்தாய்.

அடுத்த கம்பத்தில் வேறொருவர். அதற்கடுத்ததில் இன்னொருவர். எல்லாருக்கும் அதே கேள்வி. அதே பதில்தான் சொன்னேன். சாயங்காலம் ரொட்டிக்கடைக்காரி யாரும் கேட்காமலே தெருவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அக்கா இருக்காளாம்!"

இதைச் செய்திமடலில் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன்.

அம்மாவுக்குப் புதுத் தாள் அச்சடித்தோம். சிவப்பு முடி, உதட்டுச் சாயம், கறுப்புக் கண்ணாடி, இடப்பக்கம். "செத்துப்போனவங்க கண்ணாடி மாட்டிக்கிட்டு நிக்கறதை எங்கயும் பாத்ததில்ல" என்று ஸ்தொயாங்கா முறுக்கிக்கொண்டாள். நான் விடவில்லை. கீழே மகள் லொரெய்ன், மகன் வெஸ்லி, மருமகன் டேல்.

"இந்தக் கடைசி ஆள் யாரு? நீ சொன்னதே இல்லையே."

"எங்கம்மா வீட்டுல பனி தள்ளுறவர்" என்றேன்.

இதற்குப் பதில் எழுதாதே. அது வரும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். 22ஆம் தேதி கிளம்புகிறேன். யாரும் விமான நிலையத்துக்கு வர வேண்டாம், பேருந்தில் வந்துவிடுவேன். டேல் இருந்தால் இருக்கட்டும். பேசாமல் சண்டை போட முடியாது என்று இங்கே சொல்கிறார்கள்.

கிளம்பும் அன்று ஸ்தொயாங்கா ஒரு பாட்டிலில் கோதுமை போட்டுத் தருவாளாம். அமெரிக்காவுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள் என்றேன்.

"அப்ப வானத்துலயே தின்னு முடிச்சுடு. உங்கம்மா பேரைச் சொல்லித் தின்னு. அக்கா பேரைச் சொல்லி ஒரு கரண்டிகூடத் திங்காதே, சொல்லிட்டேன்."

உன் தம்பி,
வெஸ்லி