கட்டைப்பையில் அடங்கிய தொலைநோக்கி

மூடியைக் கழற்றியதும் சந்தன வாசனை வந்தது. தொலைநோக்கியில் ஏது சந்தன வாசனை என்று கேட்பாய். எல்லாம் உன் மாமியார் வேலை. முன்கண்ணாடியின் நட்டநடுவில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் தொட்டிருக்கிறார். ஆயுத பூஜைக்கு மோட்டார் பம்புக்கும் டிராக்டருக்கும் வைப்பார்களே, அந்தப் பழக்கத்தில் வைத்தது. நீ முந்தானை நுனிகூடப் படவிடாமல் காப்பாற்றிய கண்ணாடி. பஞ்சை நனைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சந்தனம் உதிர்ந்துவிட்டது. குங்குமம் போக மாட்டேன் என்கிறது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உன் மேலும்தான் ஆத்திரம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவாரூரில் அறிவியல் ஆசிரியர்களுக்கு நடந்த அந்தப் பயிற்சி நினைவிருக்கிறதா? ஒரே பள்ளியில் ஒரே பாடம் எடுப்பவர்கள் என்று நம் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பினார்கள். கடைசி நாள் பொழுது சாய்ந்ததும் மைதானத்தில் ஒரு தொலைநோக்கியை நிறுத்தி சனிக்கிரகத்தைக் காட்டினார்கள். நீ கண்ணை வைத்தாய், எடுக்கவே இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான்தான் உன் தோளைப் பிடித்து இழுத்தேன். வலங்கைமானுக்குத் திரும்பும் பஸ்ஸில் திடீரென்று சொன்னாய்.

"அது நகருதுடி. பாத்துக்கிட்டு இருக்கும்போதே ஓரத்துக்குப் போயிடுது."

"பூமி சுத்துதுடி. வருஷா வருஷம் பாடம் எடுக்கறோமே."

"எடுக்கறோம். இன்னைக்குத்தான் பாத்தேன்." ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி, "ஒரு தடவையாவது அது மேற்கால போய் மறையற வரைக்கும் உக்காந்து பாக்கணும்டி" என்றாய்.

அந்த வாரமே ஆரம்பித்துவிட்டாய். ஆசிரியர் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, டிபன் டப்பாவைத் திறக்காமல், கைபேசியில் தொலைநோக்கிகளாகப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் பெரிய குழியாடி வைத்த தொலைநோக்கிதான் வாங்க வேண்டும் என்றேன். வாங்குவதே ஒரு தடவை, நன்றாகத் தெரிவதை வாங்கு என்றேன். உன் கேள்விகளே வேறு. அதை எங்கே வைப்பது? மாடிப்படியில் தூக்கிப் போகும்போது சத்தம் கேட்குமா? வெளியே வைத்ததும் பார்க்கலாமா, இல்லை அந்தக் குழியாடி குளிர்ந்து வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கும்வரை காத்திருக்க வேண்டுமா? எது நன்றாகத் தெரியும் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை.

உனக்கு இருந்த நேரம் அப்படி. குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, உன் மாமியார் சீரியலில் உட்கார்ந்த பிறகு, உன் வீட்டுக்காரர் உரக்கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள். அவ்வளவுதான். அதற்குள் ஏற்றி, நிறுத்தி, பார்த்து, இறக்கி, கை கழுவி, தட்டு எடுத்து வைக்க வேண்டும். துருவ நட்சத்திரத்தைப் பிடித்து நேராக்க வேண்டிய தாங்கியெல்லாம் உனக்கு ஆகாது. கம்ப்யூட்டர் வைத்தது, தானே தேடிக் காட்டுமாம், அதற்கு முதலில் நாம் நட்சத்திரம் காட்டிப் பழக்க வேண்டும். "அதுக்குள்ள சோறு அடிப்பிடிச்சிடும்" என்று ஒதுக்கினாய். கடைசியில் எண்பது மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த குட்டைக் குழாய். மேலும் கீழும் இடமும் வலமும் கையால் திருப்புகிற சாதாரணத் தாங்கி. கால்கள் மடங்குகிற முக்காலி. குறைந்த அளவு பெரிதாக்கும் கண்வில்லை ஒன்று, அதைக் கழற்றவே மாட்டாய். எல்லாம் சேர்ந்து துணிக்கடையில் தரும் கட்டைப்பையில் அடங்கியது. அடங்குகிறதா என்று பழைய பை ஒன்றை அளந்து பார்த்துத்தான் வாங்கினாய். மேலே ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டு மாடிக்குப் போனால் யார் கேட்கப் போகிறார்கள்?

முக்காலி லேசானது, காற்றில் ஆடியது. அதற்கு நடுவில் அரிசிப் பையைத் தொங்கவிட்டாய். சுற்றிலும் சம்பாப் பயிர் நிற்கிற மாதங்களில் இருட்டிய கையோடு பனி இறங்கி லென்ஸ் வியர்த்துவிடும். அதற்கு மாதக் காலண்டர் அட்டையைச் சுருட்டி, உள்பக்கம் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மையைப் பூசி, குழாயின் முன்னால் மாட்டினாய். நம் ஊர் வானத்துக்கும் உன் வீட்டு அடுப்புக்கும் நடுவே இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு ஏற்பாட்டை வேறு யாராலும் செய்திருக்க முடியாது. அதில் எனக்குப் பெருமைதான் இருந்தது அப்போது.

ஒரு மாசி மாதம் உன் வீட்டு மாடிக்கு வந்திருந்தேன். அறுப்பு முடிந்து வயலெல்லாம் காலியாகக் கிடந்தது, பனியும் குறைந்திருந்தது. ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே அந்தப் புகை மாதிரியான திட்டைக் காட்டினாய்.

"நேரா பாக்காத. கொஞ்சம் ஓரமா பாரு, அப்பத்தான் தெரியும்."

தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கீழே குக்கர் கத்தியது. "நீ பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாய். உன் தொலைநோக்கியில் உன் வானத்தை நான் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு உன் வீட்டுக்காரர் அண்ணாந்து, "என்ன டீச்சர், மாடியில காத்து வாங்கறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

கீழே வந்து அடுக்களையில் உன்னிடம் கேட்டேன். "சொல்லேன்டி அவர்கிட்ட. ஒருநாள் அவரே போட்டுச் சாப்பிடட்டும். நீ மறையற வரைக்கும் பாரு."

ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னாய்: "கேட்டா குடுப்பாருடி. தங்கமான மனுஷன். கேக்கணுமேங்கறதுதான்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவிடாமல் செய்துவிட்டாய். அந்த வருஷம் சனி சாயங்கால வானத்தில் இருந்தவரை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்தாய். மறையும்வரை ஒருநாளும் பார்க்கவில்லை. "இன்னைக்கு வளையம் நல்லா தெரிஞ்சுது, அதுக்குள்ள வந்துட்டாரு" என்று மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் சொல்வாய், ஏதோ மழை வந்துவிட்டது என்கிற மாதிரி.

வயிற்று வலியையும் அப்படித்தான் சமாளித்தாய். நடவு முடியட்டும், பரீட்சை முடியட்டும், நாத்தனார் பெண்ணுக்கு வளைகாப்பு முடியட்டும். நடுவில் கிடைத்த சந்தில் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாய். தஞ்சாவூரில் பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?" என்றார். நீ அவரிடம் என்ன சொன்னாய் தெரியுமா? "நேரமே கிடைக்கல சார்." உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டினார், அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆஸ்பத்திரியில் நேரம் நிறையக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. வேறொன்றும் தெரியாது. அங்கேயும் உன் கவலை, வீட்டில் மாவு அரைத்தார்களா என்பதுதான்.

பதினாறாம் நாள் படையலுக்கு வந்தேன். உனக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும் என்று உன் மாமியார் ஓடியாடி ஏற்பாடு செய்திருந்தார். இலை நிறைய இருந்தது. கத்திரிக்காய் கொத்சு முதலில் இருந்தது. கத்திரிக்காய் தின்றால் உனக்கு உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். அது உன் வீட்டுக்காரருக்குப் பிடித்த கொத்சு, நீ ருசி பார்க்காமலே அத்தனை வருஷம் செய்து போட்டது. நீ சந்தோஷமாகச் செய்ததால் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். இலைக்குப் பக்கத்தில் புதுச் சேலை. அதன் மேல், பொட்டு வைத்த உன் தொலைநோக்கி.

"பீரோவுல சேலைக்குப் பின்னால இருந்துச்சு டீச்சரம்மா. கேமரா மாதிரி இருக்கு. ஆசையா வச்சிருந்தா போல, இருக்கட்டும்னு வச்சேன்" என்றார் உன் மாமியார். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவரை என்ன சொல்ல முடியும்?

உன் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தினமும் மாடிக்குப் போவாய் என்று சொன்னேன். சட்டென்று அழுதுவிட்டார். "எங்கிட்ட சொல்லியிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். சொல்லியிருக்க மாட்டார். அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்ட மனிதர் என்றால் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். நல்ல மனிதர். தினமும் சாயங்காலம் பெண்டாட்டி எங்கே போகிறாள் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றாத நல்ல மனிதர்.

கிளம்பும்போது அதைப் பையில் போட்டு என்னிடம் நீட்டினார். "நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர். இங்க இருந்தா சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கும்."

இடத்தை அடைக்கக் கூடாது என்றுதானே அதைத் தேடித் தேடி வாங்கினாய்! பையை வாங்கிக்கொண்டு வந்தேன். நான் சொன்ன பெரியதை நீ வாங்கியிருந்தால், அதை வைக்கக் கூடத்தில் ஒரு கட்டிலையாவது நகர்த்தியிருப்பார்கள். இது என்ன என்று யாராவது கேட்டிருப்பார்கள். நீயோ யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆசைப்பட்டாய், யாருக்கும் தொந்தரவில்லாமல் நோய்வாய்ப்பட்டாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னிடமிருந்து என் கைக்கு வந்தது இந்தக் குழாய். தூக்கிக்கொண்டு திரிவது இந்தக் கோபத்தை.

போன வாரம் நம் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் பெண், கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகிறது, மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், டெலஸ்கோப் பத்தி உங்களுக்கு நல்லாத் தெரியும்னாங்க. எனக்கு ஒண்ணு வாங்கணும். சின்னதா, சட்டுனு எடுத்துப் பாத்துட்டு, சட்டுனு வச்சிடற மாதிரி."

"ஏன் சட்டுனு?"

"வீட்டுல எல்லாருக்கும் டிபன் போடணுமே டீச்சர். இட்லி வேகற நேரம்தான் கெடைக்கும்."

எண்பது மில்லிமீட்டர், குட்டைக் குழாய், மடக்கு முக்காலி எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. நீ தேடியது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் சொல்லவில்லை.

"உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"என்னோட சேத்து நாலு பேரு."

"அதுல எத்தனை பேருக்குக் கை இருக்கு?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்காமல், அவள் பதில் சொல்லும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.